அழித்தால் ஓடும் வண்டி: அணையாத செக் என்ஜின் விளக்கும் குலுங்கும் ஐடிலிங்கும்

என் மெக்கானிக் ஷெட்டுக்கு வந்த வண்டி 2014 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக். 1.2 லிட்டர், நான்கு சிலிண்டர், மேனுவல் கியர். மீட்டர் 80 ஆயிரம் கிலோமீட்டரைத் தாண்டியிருந்தது. எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை. இதே அமைப்புள்ள எந்த வண்டிக்கும் இந்தக் கோளாறு வரலாம். உரிமையாளர் திருவொற்றியூர்க்காரர். தினமும் பாரிமுனைப் பக்கம் வேலைக்குப் போய் வருபவர். வண்டி பாதி நேரம் சிக்னலிலும், மீதி நேரம் கண்டெய்னர் லாரிக்குப் பின்னாலும் நிற்கும். ஐடிலிங், அதாவது வண்டி நிற்கும்போது என்ஜின் ஓடுவது, சரியில்லாத வண்டியை வைத்துக்கொண்டு திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் போவது எப்படியிருக்கும் என்று வடசென்னை ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

புகார் இதுதான். செக் என்ஜின் விளக்கு எரிகிறது. காலையில் வண்டியை எடுக்கும்போது பரவாயில்லை. தேரடி தாண்டி, என்ஜின் நன்றாகச் சூடான பிறகு, சிக்னலில் நின்றால் ஸ்டியரிங்கும் சீட்டும் சேர்ந்து குலுங்குகின்றன. ஏசி போட்டால் குலுக்கல் கூடுகிறது, சில நேரம் என்ஜின் அணைந்தே போகிறது. ஓடும்போது பெரிய குறை இல்லை, ஆனால் மைலேஜ் விழுந்துவிட்டது. "பெட்ரோலத் துன்னுது தம்பி" என்றார். சிக்னலில் நிற்கும்போது ஏசி வழியாக ஒரு கருகல் வாடை வருவதாகவும், தலை வலிப்பதாகவும் வீட்டில் சொல்கிறார்களாம். அதை அவர் கடைசியாக, போகிற போக்கில்தான் சொன்னார். ஆலைகள் நிறைந்த மணலியும் எண்ணூரும் பக்கத்தில் இருக்கும்போது வாடைக்கு யார் வண்டியைச் சந்தேகப்படுவார்கள்?

அதற்குப் பிறகு சொன்ன ஒரு வரிதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. "எங்க குடுத்தாலும் ரெண்டு நாள் சூப்பரா ஓடுது. அப்புறம் அதே கதை."

ஏற்கெனவே மாற்றியவை

ஒரு பிளாஸ்டிக் கவரில் பில்களைப் பத்திரமாக வைத்திருந்தார். முதலில் பெட்ரோலைப் பற்றவைக்கும் பிளக் செட் மாற்றியிருக்கிறார்கள். கழற்றிய பிளக்குகள் கறுத்திருந்ததாம். அடுத்து இன்னொரு ஷெட்டில், காற்று உள்ளே போகும் த்ராட்டில் பாடி கிளீனிங். அப்புறம் பிளக்குக்கு மின்சாரம் தரும் காயில் ஒன்று. பிறகு பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களைக் கழற்றி மெஷினில் போட்டுச் சுத்தம் செய்திருக்கிறார்கள். கடைசியாக, கொஞ்சம் பெரிய இடத்தில், முன் ஆக்ஸிஜன் சென்சாரைப் புதிதாகப் போட்டிருக்கிறார்கள். பில்லில் அதுதான் பெரிய தொகை.

இதில் எந்த வேலையையும் முட்டாள்தனம் என்று சொல்ல மாட்டேன். குலுங்குகிற வண்டிக்கு பிளக்கையும் காயிலையும் பார்ப்பது சரியான பழக்கம்தான். ஒவ்வொரு வேலைக்குப் பிறகும் வண்டி உண்மையிலேயே நன்றாக ஓடியும் இருக்கிறது. மெக்கானிக்கும் ஏமாற்றவில்லை, வண்டிக்காரரும் பொய் சொல்லவில்லை. ஆனால் அத்தனை வேலைகளுக்கும் பொதுவாக ஒன்று இருக்கிறது. வேலை முடிந்ததும் ஸ்கேனரைப் போட்டு, என்ஜின் கணினி பதிந்து வைத்திருக்கும் கோளாறுக் குறியீட்டை, எங்கள் பேச்சில் 'கோடு' (code), அழித்திருக்கிறார்கள்.

கோடை அழித்தால் அணைவது விளக்கு மட்டுமில்லை. என்ஜின் கணினி, அதாவது ஈசியூ, இத்தனை நாள் ஓட்டத்தில் கற்று வைத்திருந்த பெட்ரோல் திருத்தக் கணக்கும் பெரும்பாலான வண்டிகளில் சேர்ந்து பூஜ்யத்துக்கு வந்துவிடும். பேட்டரி டெர்மினலைக் கழற்றி மாட்டினாலும் இதேதான் நடக்கும். இந்த வண்டியில் அந்தத் தவறான கணக்குதான் குலுக்கலையே உண்டாக்கியது. ஆகவே அழித்ததும் வண்டி நன்றாகிவிடும். கணக்கு மறுபடி ஏறியதும் பழையபடி குலுங்கும். அந்த இரண்டு நாள் நல்ல பெயர் முதலில் பிளக்குக்கும், அடுத்து காயிலுக்கும், கடைசியில் சென்சாருக்கும் போயிருக்கிறது.

எனவே ஷெட்டுக்கு வண்டி வந்ததும் எனக்கு உதவிக்கு இருக்கும் பையனிடம் சொன்னது: எதைக் கழற்றினாலும் பரவாயில்லை, கோடை மட்டும் அழிக்காதே.

ஸ்கேனர் சொன்னது

ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் சாக்கெட்டில் ஸ்கேனரை மாட்டியதும் இரண்டு கோடுகள் வந்தன. பி0171, பி0300. முதலாவது, கலவை லீன், அதாவது காற்றுக்குத் தகுந்த பெட்ரோல் போதவில்லை என்கிறது. இரண்டாவது, குறிப்பிட்ட ஒரு சிலிண்டர் என்றில்லாமல் அங்கங்கே மிஸ்ஸிங் ஆகிறது, அதாவது பெட்ரோல் சரியாகப் பற்றாமல் போகிறது என்கிறது.

நம் ஆட்கள் நிறையப் பேர் கோடைப் படித்ததும் ஸ்கேனரைக் கழற்றிவிடுகிறார்கள். கோடுடன் சேர்த்து ஈசியூ ஒரு பதிவையும் வைத்திருக்கும். ஃப்ரீஸ் ஃப்ரேம் என்பார்கள். கோடு பதிவான நொடியில் என்ஜின் சூடு எவ்வளவு, ஆர்பிஎம் எவ்வளவு, வண்டி ஓடிக்கொண்டிருந்ததா நின்றதா, திருத்தம் எவ்வளவு என்று எல்லாம் அதில் இருக்கும். கோடை அழித்தால் இதுவும் போய்விடும். இந்த வண்டியில் அந்தப் பதிவு: சூடு 92 டிகிரி, 730 ஆர்பிஎம், வேகம் பூஜ்யம், ஷார்ட் டிரிம் +9, லாங் டிரிம் +22. சூடான என்ஜின், சிக்னலில் நின்றபடி. அவர் சொன்ன புகார் அப்படியே எண்களில் இருந்தது.

டிரிம் பற்றி வண்டிக்காரர்களுக்காகக் கொஞ்சம். உள்ளே வரும் காற்றைப் பார்த்து ஈசியூ ஒரு கணக்குப்படி பெட்ரோல் விடும். எரிந்து வெளியே வரும் புகையில் ஆக்ஸிஜன் மிச்சம் இருக்கிறதா என்று முன் சென்சார் பார்த்துச் சொல்லும். மிச்சம் இருந்தால் சென்சார் வோல்டேஜ் 0.1 பக்கம் கிடக்கும். பெட்ரோல் கூடிப்போனால் 0.9 பக்கம் ஏறும். நல்ல வண்டியில் இரண்டுக்கும் நடுவே ஓயாமல் மேலும் கீழும் போய்வரும். அதைப் பார்த்து அந்த நேரத்துக்குக் கூட்டிக் குறைப்பது ஷார்ட் டிரிம். இப்படியே போனால் கணக்கையே மாற்றிவிடலாம் என்று நிரந்தரமாக எழுதி வைப்பது லாங் டிரிம். +22 என்றால் போட்ட கணக்கைவிட 22 சதவீதம் அதிகம் விடுகிறது என்று அர்த்தம். ஷார்ட் டிரிமையும் சேர்த்தால் 30 சதவீதத்தைத் தாண்டுகிறது. பெட்ரோல் துன்னாமல் என்ன செய்யும்?

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலுக்குள்ளேயே ஆக்ஸிஜன் இருப்பதால், சுத்தப் பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்றால் இதற்குச் சுமார் 13.5 பங்கு போதும். பழைய வண்டிகளின் கணக்கு இதற்காகப் போட்டதில்லை. அதனால் கோளாறே இல்லாத பழைய வண்டியிலும் டிரிம் +3, +5 என்று நிற்பதை இப்போது சாதாரணமாகப் பார்க்கலாம். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஆனால் +22ஐ எத்தனால் தலையில் கட்ட முடியாது.

விளக்கு எரிவதிலும் வித்தியாசம் உண்டு. நிலையாக எரிந்தால் சீக்கிரம் காட்டுங்கள். விட்டு விட்டு மின்னினால், எரியாத பெட்ரோல், எக்ஸாஸ்ட் வழியில் புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரில் போய் எரிந்து அதையே உருக்கும் அளவுக்கு மிஸ்ஸிங் இருக்கிறது என்று அர்த்தம். ஓரமாக நிறுத்திவிட வேண்டியதுதான். இந்த வண்டியில் பெரும்பாலும் நிலையாகத்தான் எரிந்தது.

கோடு ஒன்று சொல்ல, பிளக் இன்னொன்று சொன்னது

பிளக்குகளைக் கழற்றினேன். போட்டு ரொம்ப நாள் ஆகாத பிளக்குகள். நான்கும் ஒரே மாதிரி கறுப்பு. விரலால் தொட்டால் ஒட்டுகிற காய்ந்த கரி. ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை மூக்கருகே கொண்டுபோனால் ஆயிலில் பெட்ரோல் வாடை. கோடு பெட்ரோல் போதவில்லை என்கிறது, சிலிண்டருக்குள்ளோ பெட்ரோல் வழிகிறது.

முன்பு பார்த்தவர்களும் பிளக் கறுப்பைப் பார்த்திருக்கிறார்கள், கோடையும் பார்த்திருக்கிறார்கள். கறுப்பைப் பார்த்தவர் பிளக்கை மாற்றினார், லீன் கோடைப் பார்த்தவர் இன்ஜெக்டரைச் சுத்தம் செய்தார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கேள்வியே வேறாகிவிடும். உண்மையில் லீனாக இல்லாத என்ஜினை லீன் என்று ஈசியூவை நம்பவைப்பது எது?

சென்சார் கெட்டிருக்கலாம். ஆனால் அது புதிது, பழையதும் இதையேதான் சொன்னது. இரண்டு சென்சாரும் ஒரே பொய்யைச் சொல்வதற்கு வாய்ப்பு குறைவு. அப்படியானால் சென்சார் பார்ப்பதைத்தான் சொல்கிறது. அதன் கண்ணுக்கு முன்னால் நிஜமாகவே ஆக்ஸிஜன் இருக்கிறது. அது சிலிண்டரிலிருந்து வராவிட்டால், சிலிண்டருக்கும் சென்சாருக்கும் நடுவில் எங்கேயோ வெளிக்காற்று நுழைகிறது.

எக்ஸாஸ்ட் பைப்பில் ஓட்டை இருந்தால் புகை வெளியேதானே வரும், காற்று எப்படி உள்ளே போகும் என்று பையன் கேட்டான். நல்ல கேள்வி. புகை ஒரே சீராக ஓடுவதில்லை. ஒவ்வொரு வால்வும் திறக்கும்போது ஒரு தள்ளு, அதன் பின்னாலேயே ஒரு இழுப்பு. எக்ஸ்பிரஸ் ரயில் கடந்ததும் பிளாட்பாரத்துத் தூசி அதன் பின்னாலேயே இழுபடுகிறதே, அந்த மாதிரி. தள்ளும்போது புகை வெளியே கசியும். இழுக்கும்போது வெளிக்காற்று உள்ளே வரும். ஐடிலிங்கில் புகை குறைவு, அதனால் நுழைகிற கொஞ்சக் காற்றே சென்சாருக்குப் பெரிதாகத் தெரியும். ஆர்பிஎம் ஏறினால் புகையின் அளவும் அழுத்தமும் கூடி, காற்று நுழைவது கணக்கில் வராத அளவுக்குக் குறையும்.

எண்களும் அப்படியே இருந்தன. ஐடிலிங்கில் இரண்டு டிரிமும் சேர்ந்து 30க்கு மேல். 2500 ஆர்பிஎம்மில் பிடித்தால் 9 பக்கம் இறங்கியது. இது பம்ப் கோளாறு இல்லை என்பதற்கும் இதுவே சாட்சி. பம்ப்போ ஃபில்டரோ சரியில்லை என்றால் தேவை கூடக்கூட, அதாவது ஆர்பிஎம்மும் லோடும் ஏற ஏற, டிரிம் மேலே போக வேண்டும். இங்கே தலைகீழ். இருந்தாலும் பிரஷர் கேஜ் போட்டுப் பார்த்தேன், முள் அசையாமல் நின்றது. இன்ஜெக்டர் ஒன்று ஒழுகினால் ஒரு பிளக் மட்டும் கறுக்கும். நான்கும் ஒரே மாதிரி கறுத்திருப்பதால், உத்தரவு ஈசியூவிலிருந்தே வருகிறது.

வேக்யூம் லீக் ஏன் இல்லை

ஐடிலிங்கில் டிரிம் அதிகம், ஆர்பிஎம்மில் குறைவு என்றால் உடனே இன்டேக் பக்கம், அதாவது காற்று என்ஜினுக்குள் போகும் பக்கம், வேக்யூம் லீக் என்று சொல்வதுதான் பழக்கம். இணையத்தில் இருக்கும் வீடியோக்களில் பாதி அதைத்தான் சொல்லும். அவை பெரும்பாலும் காற்றை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் உள்ள வண்டிகளுக்குப் பொருந்தும். அளந்த இடத்துக்குப் பிறகு நுழையும் காற்று கணக்கில் வராது, அதனால் லீன் ஆகும்.

நம் ஊரில் ஓடும் சின்னப் பெட்ரோல் கார்களில் நிறையவற்றில் அது கிடையாது. இந்த வண்டியிலும் இல்லை. இன்டேக் மேனிஃபோல்டுக்குள் இருக்கும் அழுத்தத்தை மேப் சென்சார் பார்த்துச் சொல்ல, அதிலிருந்து ஈசியூ காற்றைக் கணக்கிடும். இந்த அமைப்பில் எங்கேயோ ஒரு ஹோஸ் பிய்ந்து காற்று நுழைந்தால் மேனிஃபோல்டு அழுத்தமும் ஏறும், அதையும் மேப் சென்சார் பார்த்துவிடும், அதற்கேற்ற பெட்ரோலும் போய்விடும். டிரிம் ரொம்ப மாறாது. ஐடிலிங் ஆர்பிஎம் ஏறுவதுதான் முதல் அறிகுறியாக இருக்கும். இங்கே ஆர்பிஎம் ஏறவில்லை. மேனிஃபோல்டு அழுத்தம் 34 கிலோபாஸ்கல். சூடான என்ஜினுக்கு 30 முதல் 40 வரை சாதாரணம்.

சந்தேகம் வேண்டாம் என்று பிரேக் பூஸ்டர் ஹோஸ், பிசிவி ஹோஸ், இன்டேக் பேக்கிங் ஓரம் எல்லாவற்றிலும் கார்ப் கிளீனரைக் கொஞ்சம் கொஞ்சமாக அடித்துப் பார்த்தோம். என்ஜின் சத்தம் துளியும் மாறவில்லை. (சூடான எக்ஸாஸ்ட் பக்கம் அதை அடிக்கவே கூடாது, பற்றிக்கொள்ளும். பக்கத்தில் தீயணைப்பான் இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம்.)

சென்சாரைக் கழற்றி ஒரு சோதனை

எல்லா எண்களையும் போனில் படம் எடுத்துக்கொண்ட பிறகுதான் கோடை அழித்தேன். சோதனைக்காக. முன் ஆக்ஸிஜன் சென்சாரின் கப்ளரை, அதாவது வயர் இணைப்பை, பிடுங்கிவிட்டு, அழித்து, ஸ்டார்ட் செய்தோம். இப்போது ஈசியூவுக்குக் காது கேட்காது. தன்னிடம் இருக்கும் அடிப்படைக் கணக்கை வைத்தே ஓட்டும். என்ஜின் நன்றாகச் சூடாகி ஃபேன் சுற்றி நின்றது. ஏசி போட்டோம். குலுக்கல் இல்லை. டேஷ்போர்டில் வைத்த டீ கிளாஸில் அலைகூட இல்லை. சென்சார் இல்லை என்று விளக்கு மட்டும் எரிந்தது.

கப்ளரை மாட்டினேன். சில நிமிடங்களில் ஷார்ட் டிரிம் ஏறத் தொடங்கியது, அதைப் பிடித்துக்கொண்டு லாங் டிரிம். சாயங்காலம் எண்ணூர் விரைவுச் சாலையில் டிரெய்லர்களுக்குப் பின்னால் ஊர்ந்து போய்த் திரும்பி வருவதற்குள் லாங் டிரிம் +15. வண்டி மறுபடி குலுங்க ஆரம்பித்திருந்தது. ஈசியூவின் கையில் இருக்கும் அடிப்படைக் கணக்கு சரி, பிளக் சரி, காயில் சரி, இன்ஜெக்டர் சரி. சென்சார் சொல்வதைக் கேட்டுத்தான் கெடுகிறது.

காலையில் எடுக்கும்போது ஏன் நன்றாக இருந்தது என்பதும் இதோடு சேரும். சென்சார் சுமார் 300 டிகிரிக்கு மேல் சூடானால்தான் வேலை செய்யும். அதுவரை ஈசியூ அதைக் கேட்காது. தவிர, குளிர்ந்த என்ஜினுக்குக் கூடுதல் பெட்ரோல் தேவை, அதனால் மிகையாகப் போனாலும் தெரியாது.

வண்டியை இரவு ஷெட்டிலேயே வைத்துக்கொண்டோம். இந்த மாதிரிக் கசிவில் காலை முதல் ஸ்டார்ட்தான் நிறையச் சொல்லும், அதுவும் தெருவில் லாரிச் சத்தம் தொடங்குவதற்கு முன்னால். பானெட்டைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்ததும், டிக் டிக் டிக் என்று என்ஜின் வேகத்துக்குப் பாதி வேகத்தில் ஒரு சத்தம். ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் கூடியது. சூடாகச் சூடாகக் குறைந்தது. இரும்பு விரிந்து இடைவெளியைக் கொஞ்சம் அடைக்கிறது. இதை வால்வுச் சத்தம் என்று நினைத்து ஒரு பில்லில் "டேப்பட் நாய்ஸ், பார்க்கவும்" என்று எழுதியிருந்தது நினைவுக்கு வந்தது. ஒரு முழம் ரப்பர் ஹோஸின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை ஃபேன் பக்கம் போகாமல், நான்கு சிலிண்டரின் புகையும் சேரும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு மேலே நகர்த்தினேன். என்ஜினையும் கேபினையும் பிரிக்கும் ஃபயர்வால் தகட்டுப் பக்கம், நான்காவது சிலிண்டரருகே, சத்தம் காதில் அறைந்தது. அன்று காலை ஓட்டத்திலேயே பி0171 திரும்பப் பதிவானது.

ஷாம்பு தண்ணீர்

கசிவைக் கண்ணால் பார்க்காமல் மேனிஃபோல்டைக் கழற்றுவது எனக்குப் பிடிக்காது. ஸ்மோக் மெஷின் இருந்தால் நல்லது. இல்லாதவர்களுக்கு இதோ ஒரு வழி. என்ஜின் முழுக்க ஆறட்டும். பழைய வேக்யூம் கிளீனரின் ஊதும் பக்கத்து ஹோஸை சைலன்சர் வாயில் செருகி, சுற்றி ஈரத் துணியை அடைத்துவிட வேண்டும். கம்ப்ரஸர் வேண்டாம், அழுத்தம் அதிகம். ஒரு ரூபாய் ஷாம்பு பாக்கெட்டைத் தண்ணீரில் கரைத்து ஸ்ப்ரே பாட்டிலில் ஊற்றிக்கொண்டால் போதும்.

மேனிஃபோல்டை மூடியிருக்கும் தகடு மூன்று போல்ட்டில் நிற்கிறது. மூன்றும் துரு. காசிமேட்டுக்கும் எண்ணூருக்கும் நடுவில் தெருவில் நிற்கிற வண்டிகளில் கீழ்ப்பக்கத்து போல்ட் ஒன்றாவது ஒடியாமல் வந்தால் அன்றைக்கு நல்ல நாள். கடல் காற்று அந்த வேலையைச் செய்துவிடும். தகடு வந்ததும் பாதிப் பதில் தெரிந்துவிட்டது. நான்காவது போர்ட்டுக்குக் கீழே, வெள்ளை அலுமினியத்தில், விசிறி விரித்த மாதிரி கரிப்பூச்சு. ஷாம்பு தண்ணீரை அடித்ததும் அதே இடத்தில் குமிழிகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொங்கி வழிந்தன. மற்ற மூன்று போர்ட்டுகளிலும் தண்ணீர் சும்மா இறங்கியது. டார்ச் அடித்துக் கீழே பார்த்தால் மேனிஃபோல்டை என்ஜின் ஹெட்டோடு பிடிக்கும் திருகுக் கம்பிகளில் ஒன்று, கீழ் ஸ்டட், ஒடிந்து நட்டோடு காணவில்லை. பக்கத்து நட்டை விரலால் திருக முடிந்தது. பையன் கொஞ்ச நேரம் ஊதுவதை நிறுத்தவே விடவில்லை, குமிழியைப் பார்த்துக்கொண்டேயிருந்தான்.

வீட்டில் சொன்ன தலைவலிக்கு வருகிறேன். இந்த மேனிஃபோல்டு இருப்பது ஃபயர்வால் பக்கம். அதற்கு நேர் மேலேதான் கேபினுக்குக் காற்று எடுக்கும் வழி. கசிகிற புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கும். அதற்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. நமக்குத் தெரிகிற கருகல் வாடை அதோடு கூட வருகிற மற்றவற்றுடையது. நின்ற வண்டியில் ஏசியைப் போட்டுக் குழந்தைகளைத் தூங்கவைக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. சிக்னலில் நிற்கும்போது கேபினில் புகை வாடையும் தலைவலியும் இருந்தால், மற்றதெல்லாம் அப்புறம், முதலில் எக்ஸாஸ்ட் கசிவைப் பாருங்கள். வேலை முடியும்வரை வண்டியை எடுக்க வேண்டாம் என்று வண்டிக்கார அண்ணனிடம் போனில் சொல்லிவிட்டேன்.

"போன மாசம்தான் தம்பி புகை சர்டிபிகேட் எடுத்தேன், பாஸ்தான்" என்றார். பாஸாகத்தான் இருக்கும். கூடுதல் பெட்ரோலும் உள்ளே நுழைந்த காற்றும் சேர்ந்து கன்வெர்ட்டருக்குள் எரிந்துவிடுவதால், கடைசியில் சைலன்சர் வாயில் வருவது சுத்தமாகத் தெரியலாம்.

ஸ்டட் ஏன் ஒடிந்தது

புது ஸ்டட் போட்டு மூடிவிட்டால் கொஞ்ச நாளில் அதுவும் ஒடியும். வண்டியை ஏற்றிக் கீழே பார்த்தோம். மேனிஃபோல்டுக்கும் நடு பைப்புக்கும் நடுவில் இரண்டு ஸ்பிரிங் போல்ட் வைத்த ஒரு ஜாயின்ட் இருக்கிறது. என்ஜின் முன்னும் பின்னும் ஆடும்போது அந்த ஜாயின்ட் வளைந்துகொடுக்க வேண்டும். ஸ்பிரிங்குகள் இரண்டும் துருவேறி இறுகி, ஒரே கட்டையாகிவிட்டிருந்தன. அதற்குப் பின்னால் சைலன்சரைத் தொங்கவிடும் ரப்பர் இருந்த இடத்தில் கட்டுக்கம்பி முறுக்கிக் கட்டியிருந்தது. ஏதோ ஒரு வேகத்தடையில் ரப்பர் அறுந்து, யாரோ வழியில் கம்பியால் கட்டி அனுப்பியிருக்கிறார்கள். ரப்பர் இழுத்துக்கொடுக்கும், கம்பி கொடுக்காது. ஒவ்வொரு கிளட்ச்சுக்கும் ஒவ்வொரு பள்ளத்துக்கும் என்ஜின் ஆடிய ஆட்டம் முழுவதும் மேனிஃபோல்டு ஸ்டட்டின் தலையில்தான் இறங்கியிருக்கிறது.

ஒடிந்த ஸ்டட் மூன்று திரெட் அளவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது நல்லதாகப் போயிற்று. துரு இளக்கும் ஆயிலை ஊற்றி ஊறவிட்டு, சுற்றிலும் சூடு காட்டி, வைஸ் கிரிப்பால் பிடித்துக் கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே என்று அசைத்து எடுத்தோம். அலுமினியம் ஹெட்டில் அவசரப்பட்டால் திரெட்டோடு வந்துவிடும். உள்ளேயே ஒடிந்திருந்தால் அதன்மேல் நட்டை வைத்து வெல்டிங் அடித்துத்தான் எடுத்திருக்க வேண்டும். அதற்கு பேட்டரியைக் கழற்ற வேண்டும், கழற்றினால் டிரிம் அழிந்துவிடும். நான் வைத்திருந்த திட்டமும் கெட்டிருக்கும்.

மேனிஃபோல்டு முகத்தில் ஸ்கேல் வைத்து ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்தோம், கோணவில்லை. ஜிபி ரோட்டிலிருந்து பேக்கிங், ஸ்டட், நட், ஸ்பிரிங் போல்ட் செட், தொங்கு ரப்பர்கள் வந்தன. மேனிஃபோல்டு பேக்கிங்கை மட்டும் பழையதைத் திருப்பிப் போடவோ, ஷீட்டில் வெட்டிப் போடவோ வேண்டாம். நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, கொஞ்சம் கொஞ்சமாக, டார்க் ரெஞ்சில் இறுக்கினோம். பெட்ரோல் கலந்த ஆயிலை இறக்கிப் புது ஆயில், ஃபில்டர். பிளக்கைச் சுத்தம் செய்து அதையே மாட்டினோம்.

அழிக்காமல் பார்த்தது

வேலை முடிந்ததும் பையன் பழக்கதோஷத்தில் ஸ்கேனரை எடுத்து அழிக்கப் போனான். தடுத்தேன். அழித்தால் எந்த வேலை செய்திருந்தாலும் வண்டி நன்றாகத்தான் ஓடும்; அதுதானே இத்தனை ஷெட்டிலும் நடந்தது. லாங் டிரிம் +22 பக்கம் ஏறி நிற்கிற அதே நிலையில் ஸ்டார்ட் செய்தால்தான் வேலை பலித்ததா என்று தெரியும்.

முதலில் கொஞ்ச நேரம் பழையபடியே குலுங்கியது. சென்சார் சூடானதும் அதன் வோல்டேஜ் 0.8க்குப் போய் அங்கேயே நின்றது. இத்தனை நாளில் முதல் முறையாக ரிச், அதாவது பெட்ரோல் அதிகம், என்று சொல்கிறது. ஷார்ட் டிரிம் பூஜ்யத்தைத் தாண்டிக் கீழே இறங்கி -17 காட்டியது. ஈசியூ தான் எழுதி வைத்த கணக்கைத் தானே வெட்டிக்கொண்டிருந்தது. குலுக்கல் நின்றது. தண்டையார்பேட்டை, ராயபுரம் என்று சிக்னல் சிக்னலாக ஓட்டியதில் லாங் டிரிம் +14, பிறகு +8 என்று இறங்கி, கடைசியில் +4இல் நின்றது. எத்தனால் பெட்ரோலுக்கு அது சரியான இடம். ஷார்ட் டிரிம் பூஜ்யத்தைச் சுற்றி ஆடியது. கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் சென்சார் 0.7 பக்கம் ஆடாமல் இருந்தது, கன்வெர்ட்டர் தப்பித்துவிட்டது.

வண்டியை விளக்கு எரிந்தபடியேதான் திருப்பிக் கொடுத்தேன். அண்ணன் முகத்தில் அது அவ்வளவாகப் பிடித்ததாகத் தெரியவில்லை. "லைட்டு எரியுதே தம்பி, இன்னாத்துக்கு இம்மாம் வேலை?" என்றார். கோளாறைத் தானே கண்டறியும் ஓபிடி-2 அமைப்புள்ள வண்டிகளில், தொடர்ந்து மூன்று ஓட்டத்தில் அதே கோளாறு இல்லை என்று ஈசியூ தானே சோதித்துத் தெரிந்துகொண்டால் விளக்கைத் தானாக அணைத்துவிடும். அதை விளக்கிச் சொல்லி, அணையாவிட்டால் காசு வேண்டாம் என்றும் சொன்னேன். அந்த வாரமே போன் வந்தது. வேலைக்குப் போகும் வழியில் அணைந்துவிட்டதாம்.

முன்பு கழற்றிய பழைய ஆக்ஸிஜன் சென்சாரையும் பில்களோடு அந்தக் கவரிலேயே வைத்திருந்தார். வைஸில் பிடித்து, மல்டிமீட்டரை மாட்டி, அதன் முனையில் கேஸ் டார்ச்சின் சுடரைக் காட்டினேன். சூடானதும் 0.8 வோல்ட்டுக்கு மேலே ஏறியது. சுடரை விலக்கியதும் உடனே விழுந்தது. நல்ல சென்சார். டிக்கியில் ஸ்பேராகப் போட்டு வைத்திருக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டேன்.